முதலில் கிடைத்த ஃபைல்

“இதுக்கு அவரைத்தான் சார் கூப்பிடணும்” என்று சொல்லிக்கொண்டே கவுன்டர் பெண் பழக்கதோஷத்தில் போனை எடுத்துவிட்டாள். எண்ணைத் தேடிய விரல் பாதியில் நின்றது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அவர் வாசலில் நின்ற வண்டிக்குள் கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றி வெளியே விட்டான். அண்ணனை எரிக்கிற அன்று சிரித்தான் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்ட சித்தப்பா ஒருவர் போதும். அவர் ஏற்கெனவே கதவருகில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த மின்மயானத்தில் உலைகள் இரண்டு. ஒன்றாம் உலை பழுது. உள்ளிருந்து பிடுங்கிய செங்கற்கள் முற்றத்தில் குவிந்து கிடந்தன. இரண்டாம் உலை நன்றாகவே இருந்தது. ஆனால் எந்த உடல் எந்த உலைக்கு என்று முடிவு செய்வது கவுன்டரில் இருந்த கம்ப்யூட்டர். அது அண்ணனுக்கு ஒன்றாம் உலையை ஒதுக்கியிருந்தது. மாற்றச் சொன்னால் மாட்டேன் என்றது. அது சம்மதிக்காமல் இரண்டாம் உலையின் கதவு திறக்காது. கையால் திறக்க ஒரு சாவி இருந்ததாம். புதிதாக வந்த அதிகாரி போன வாரம் அதை வாங்கித் தன் அலமாரியில் பூட்டிவிட்டு விடுமுறைக்கு வெளியூர் போய்விட்டார். அதிகாரிகள் பொதுவாக அதற்குத்தான் வருகிறார்கள்.

இந்த அழகான ஏற்பாட்டுக்கு ப்ரோகிராம் எழுதியவர், நகர அலுவலகத்தின் கணினிப் பிரிவில் ஆயுளைத் தேய்த்த அண்ணன்தான். தன் சொந்த ப்ரோகிராம் வழிவிடாததால் எரிய முடியாமல் வெயிலில் காத்திருந்தார்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?” என்றார் சித்தப்பா.

“பண்ணியாச்சு சித்தப்பா.”

“இன்னொரு தடவ பண்ணு. மொத தடவ அதுக்குப் புரிஞ்சிருக்காது.”

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் அறிவு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர் குடும்பத்தில் மூன்று பேருடைய போனைக் கெடுத்திருக்கிறார்.

தம்பிக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அண்ணனும் அதைத்தான் கேட்பார். தம்பியும் கம்ப்யூட்டர் படித்தவன்தான். பெரிய கம்பெனியில் பெரிய பதவி. அவன் கடைசியாக எழுதிய ப்ரோகிராம் எது என்பது அவனுக்கே மறந்துவிட்டது. இப்போது அவன் செய்வதெல்லாம், மீட்டிங்கில் காட்டும் படங்களில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அம்புக்குறி போடுவது. அதற்குத்தான் சம்பளம். ஒருநாள் அண்ணன் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் ‘அம்புக்குறி’. விருந்தாளிகள் முன்னால்கூட, “டேய் அம்புக்குறி, இங்க வா.”

அண்ணனுடைய அகராதியில் மனிதர்கள் இரண்டே வகை. கீபோர்டை விட்டுக் கையை எடுக்காதவர்கள் ஒரு வகை. மவுஸ் பிடிக்கிற முட்டாள்கள் இன்னொரு வகை. முதல் வகையில் அவருக்குத் தெரிந்து இருந்தது அவர் ஒருவர். அவர் ப்ரோகிராம் எழுதுவது ஒரு கிழட்டு எடிட்டரில். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பொத்தான் கிடையாது, படம் கிடையாது, இரக்கம் கிடையாது. அதில் எல்லாவற்றுக்கும் அவரே மேக்ரோ எழுதி வைத்திருந்தார். மேக்ரோ என்பது வேறொன்றுமில்லை. பத்து வேலையை ஒரு தட்டலில் செய்ய மெஷினுக்குப் பழக்கிவைப்பது. சமையலறைக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் அண்ணி பாடு கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்தத் திசையில் அண்ணன் யோசிக்கவில்லை.

மேக்ரோக்களில் அவருக்குச் செல்லப்பிள்ளை ஒன்று இருந்தது. கான்ஃபிக் ஃபைலைக் கண்டுபிடிக்கிற மேக்ரோ. ஒரு ப்ரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு எழுதிவைக்கும் குறிப்புதான் கான்ஃபிக் ஃபைல். அதை எந்த மூலையில் போட்டோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அண்ணன் மூன்று கீ தட்டுவார். நிற்கிற ஃபோல்டரில் மேக்ரோ தேடும். இல்லையென்றால் ஒரு படி மேலே ஏறித் தேடும். அங்கும் இல்லையென்றால் இன்னும் ஒரு படி. முதலில் எது கிடைக்கிறதோ அதைத் திறந்து முன்னால் வைக்கும். இதை அவர் தபால் கொடுக்க வந்தவரை நிறுத்திவைத்து விளக்கியதுண்டு. தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பாவுக்கு விளக்கினார். கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது.

முந்தாநாள் மாலை ஆஸ்பத்திரியிலும் அதே மேக்ரோதான்.

உலைக்காரர் போன் செய்து, ஒன்றாம் உலையை மூடிவிட்டார்கள், கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும் என்று சொன்னார். அண்ணனுக்குப் பேசினாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் அண்ணி ஃப்ளாஸ்கோடு வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள். எங்கிருந்தும் மயானத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற தன் லேப்டாப்பை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, “கொஞ்சம் வெளிய இரு. வேல இருக்கு” என்றார். அவள் ஃப்ளாஸ்கை வைத்துவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஊசி குத்திய இடது கையை நீட்டிவைத்துவிட்டு வலது கையால் மட்டும் தட்டினார். விரல் வழுக்கியது. மூன்று கீயைச் சரியாகத் தட்ட எத்தனையோ தடவை ஆனது. தம்பி உதவிக்குப் போனான். தள்ளு என்பதுபோல முழங்கை வந்தது. ஒரு வரியைத் திருத்தி, சேமித்து, மூடி முடிக்க அரைமணி நேரம். முடித்ததும் தலையணையில் சாய்ந்துகொண்டு தம்பியைப் பார்த்தார்.

“முடிஞ்சுது. இதுக்கு ஒங்க ஆபீஸ்ல எத்தன மீட்டிங் போடுவீங்க?”

பிறகு தூங்கிப்போனார். அண்ணி உள்ளே வந்தபோது தூக்கம். இரவு முழுக்க மயக்கமா தூக்கமா தெரியாத நிலை. மறுநாள் அதிகாலையில் முடிந்துவிட்டது. ஆக, அவருடைய கடைசி முழு வாக்கியம் தம்பிக்குக் கிடைத்த ஏளனம். அண்ணிக்குக் கிடைத்தது ‘கொஞ்சம் வெளிய இரு.’

அவள் இப்போது கவுன்டர் அறை வாசலில் வந்து நின்றாள். அழுது முடித்த முகமாகவும் இல்லை, அழப்போகிற முகமாகவும் இல்லை.

“என்ன தம்பி பிரச்சினை?”

“ஒண்ணுமில்ல அண்ணி. கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா இருக்கு.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரில ஏதோ மாத்தினாரே, அது இங்கதானே?”

“ஆமா.”

“அது வேல செஞ்சுதா?”

கவுன்டர் பெண் சட்டென்று குனிந்து ஸ்டேப்ளரில் பின் இருக்கிறதா என்று பார்த்தாள்.

“பாத்துட்டிருக்கேன் அண்ணி.”

“பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்.” வண்டிப் பக்கம் பார்த்தாள். “இல்லன்னா என்னை எதுக்கு வெளிய உக்கார வெச்சாரு?”

ஆஸ்பத்திரிப் பை இன்னும் காரிலேயே கிடந்தது. அதிலிருந்த லேப்டாப்பை அவளே எடுத்துவந்து கொடுத்தாள். பாஸ்வேர்டும் அவளே சொன்னாள். எத்தனையோ வருடம் பின்னால் நின்று காப்பி நீட்டியவளுக்கு அதெல்லாம் பாடம். சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தம்பி எடிட்டரைத் திறந்தான். ஒரு கீயைத் தொட்டான். திரை இரண்டாகப் பிளந்தது. இன்னொன்றைத் தொட்டான். எல்லாம் தலைகீழ் வரிசையில் நின்றது. மனிதர் கீபோர்டில் ஒரு எழுத்தைக்கூட அதன் இடத்தில் விட்டுவைக்கவில்லை. பிறத்தியார் தொட்டால் கடிக்கிற நாயை வளர்ப்பதுபோல ஒரு எடிட்டரை வளர்த்திருந்தார். சித்தப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒனக்கு இதெல்லாம் வரும்னுல்ல நெனச்சேன் என்றார்.

மூன்று கீ மட்டும் அவனுக்குத் தெரியும். எத்தனை தடவை பார்த்திருப்பான். தட்டினான். கான்ஃபிக் ஃபைல் திறந்தது. ஃபைலின் தலையில் அண்ணன் குரலிலேயே ஒரு வரி: ‘இதுல கை வைக்கிறவன் கைய ஒடிப்பேன்.’ அதற்குக் கீழே, ஒன்றாம் உலை மூடப்பட்டது என்று தெளிவாக இருந்தது. அந்த மாலை திருத்திய அதே வரி. ஒரு பிழை இல்லை.

அப்படியானால் கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை?

எந்த ஃபைலை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்று மெஷினையே கேட்க ஒரு கட்டளை உண்டு. பழைய நாளில் அண்ணன் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. அது மட்டும் அம்புக்குறிகளுக்கு அடியில் எங்கோ உயிரோடு இருந்தது. போட்டுப் பார்த்தான். பதில் வந்தது. இன்னொரு தடவை போட்டான். அதே பதில்.

ப்ரோகிராம் படித்துக்கொண்டிருந்தது வேறு ஒரு ஃபைலை.

சில வருடங்களுக்கு முன் நகர அலுவலகம் ஒரு கான்ட்ராக்ட்காரரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் நவீனப்படுத்தச் சொன்னது. அவர் நவீனப்படுத்திய விதம், மொத்தத்தையும் பிரதி எடுத்து வேறொரு ஃபோல்டரில் போட்டு அங்கிருந்து ஓட்டியது. அந்த ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயரின் அர்த்தம் ‘புதுசு, கடைசி, நிஜமாகவே கடைசி’. பழைய ஃபோல்டரை அழிக்கவில்லை. அண்ணன் அந்த ஆளை ஒரு மாதம் திட்டினார். ஆனால் அவன் என்ன செய்தான் என்று எட்டிப் பார்க்கவில்லை. முட்டாள்கள் செய்ததைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைவு. அவர் வழக்கம்போலப் பழைய ஃபோல்டரில் நின்று மூன்று கீ தட்டினார். மேக்ரோவும் விசுவாசமாக, முதலில் கிடைத்த ஃபைலைத் திறந்து வைத்தது. அவர் திருத்தினார். சேமித்தார். மறுபடி திருத்தினார். இத்தனை வருடமும், ஆளில்லாத வீட்டுக்குத் தவறாமல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

தம்பிக்குக் காது மடல் சூடானது. பிறந்ததிலிருந்து அவன் காத்திருந்த கணம் இது. இதைவிடப் பெரிய மடத்தனத்தை எந்த மவுஸ் பிடிக்கிற முட்டாளாலும் செய்ய முடியாது. அந்த மேக்ரோவை வைத்துக்கொண்டு ஊரையே முட்டாள் என்று சொன்ன மனிதர்! சொல்ல வேண்டிய வாக்கியம்கூட மனசில் தயாராகிவிட்டது. யாரிடம் சொல்வது என்று திரும்பினான். சித்தப்பா நின்றார். வெளியே சொந்தக்காரர்கள் நிழல் தேடி நின்றார்கள். ஒருத்தருக்காவது இதன் முழு அழகு புரியுமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். புரியக்கூடிய ஒரே ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்.

அவன் கோபம் முழுக்கக் கவுன்டர் பெண் மேல் திரும்பியது. இத்தனை நாளாக அவர் எதை மாற்றினாலும் இங்கே எதுவும் மாறியிருக்காதே, உங்களுக்குக் கண் இல்லையா என்று கேட்டான்.

இருந்ததாம். திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறது, வயசானவங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உடலுக்கு எண் போடாமல் பெயர் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் வந்து நிற்பதற்குள் உடலை உள்ளே தள்ளச் சொல்லும் மணி அடித்துவிடுகிறது, ஜனங்கள் உலைக்காரரின் சட்டையைப் பிடிக்கிறார்கள், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் அன்றே, மாத்தியாச்சு என்று போன் செய்தார். ஒன்றும் மாறவில்லை.

“அப்ப சொல்ல வேண்டியதுதானே?”

“மொத தடவ சொன்னேன் சார். கண்ணத் தொறந்து பாரும்மான்னாரு.” அவள் ஸ்டேப்ளரை மூடினாள். “அப்புறம் எது சொன்னாலும் வந்துடுச்சு சார், நல்லா இருக்கு சார்னு சொல்லிடுவோம். நாங்க சுவத்துல ஒரு போர்டு மாட்டி அதுல எழுதிக்கிட்டோம். அவரு வர்ற அன்னிக்கு அதத் திருப்பி மாட்டிடுவோம்.”

சுவரைப் பார்த்தான். வெள்ளை போர்டு ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. இன்றும் திருப்பித்தான் வைத்திருந்தார்கள். அவர் வருகிற நாள் அல்லவா.

அன்று ஆஸ்பத்திரியில் அவர் திருத்தி முடித்ததும் தம்பியும் ‘சூப்பர்ண்ணா’ என்றுதான் சொன்னான். எதையும் பார்த்துச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால்தான் விடுவார்.

சரியான ஃபைலில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். கதவு திறந்துவிடும். எந்தப் படித்த முட்டாளும் அதைத்தான் செய்வான். அதுதான் ஆபத்தில்லாத வழி. பிறகு, அவர் மாத்தினதுதானா என்று அண்ணி கேட்பாள். அண்ணனின் பாஸ்வேர்டைவிட நன்றாகத் தம்பியின் முகம் அவளுக்குத் தெரியும்.

அம்புக்குறி அந்த வரியைத் தொடவில்லை. ப்ரோகிராம் தொடங்கும் இடத்துக்குப் போனான். எந்த ஃபைலைப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் கான்ட்ராக்ட்காரரின் ஃபோல்டரை அழித்துவிட்டு அண்ணனின் பழைய ஃபோல்டரை எழுதினான். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு. வாழ்நாள் அனுபவம் கடைசியில் உதவியது.

சேமிக்கத்தான் தெரியவில்லை. வழக்கமான கீயை அழுத்தினால் திரை நிறம் மாறியது. இன்னொன்றை அழுத்தினால் அண்ணன் எப்போதோ எழுதிய வேறொரு மேக்ரோ விழித்துக்கொண்டு இன்றைய தேதியைப் பதினைந்து இடத்தில் எழுதியது. அழித்து முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. சித்தப்பா வாயைத் திறந்தார். ரீஸ்டார்ட் என்று சொன்னால் கொலை விழும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

அண்ணி மறுபடி வந்து நின்றாள்.

“இன்னுமா தம்பி?”

“எல்லாம் முடிஞ்சுது அண்ணி. சேவ் பண்ண வரல. எத அமுக்குவாருன்னு தெரியல.”

அவள் திரையைப் பார்க்கவேயில்லை. அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கமா கீயை இரண்டு தடவை தட்டினாள். இரண்டாவது தட்டல் கொஞ்சம் ஓங்கி விழுந்தது. அண்ணனும் அப்படித்தான் தட்டுவார்.

கவுன்டர் திரை அணைந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். திரும்பி வந்தபோது எழுத்துகள் திரை கொள்ளாமல் பெரிதாக இருந்தன. எண் போய்விட்டது. அந்த இடத்தில் அண்ணனின் பெயர், இனிஷியலோடு முழுசாக. பக்கத்தில், இரண்டாம் உலை. உள்ளே எங்கோ பூட்டு விலகும் சத்தம் கேட்டது.

கவுன்டர் பெண் மெதுவாக எழுந்து நின்றாள். அவள் கேட்டதெல்லாம் அவரை எரிக்கும் அன்று ஒரே தவணையில் வந்து சேர்ந்திருந்தது.

“இது அவரு அன்னிக்கு மாத்தினதா?” என்றாள் அண்ணி.

“அதேதான் அண்ணி. அவரு ஃபைல்ல ஒரு எழுத்துகூட நான் தொடல.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அந்தப் பார்வைக்கு முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப வேண்டியிருக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டியிலிருந்து இறக்கி ஹாலுக்குள் கொண்டுபோய் உலை வாசல் மேடையில் கிடத்தினார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். உலைக்காரர் வழக்கப்படி சுவரோரம் போய், மணிக்குக் கீழே, நெம்புகோலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மணி அடித்தால் தள்ள வேண்டும். எத்தனை வருடமாக அது கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுப்பதற்குள் அடித்திருக்கிறது. எல்லாரும் அந்த அவசரத்துக்குத் தயாராக, விறைப்பாக நின்றார்கள்.

மணி அடிக்கவில்லை.

பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாகிவிட்டது. அழ வேண்டியவர்கள் ஒரு சுற்று அழுதாகிவிட்டது. ஒருவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, தப்போ என்று உள்ளே வைத்தார். உலைக்காரர் மணியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி இருங்கள் என்று கையால் காட்டினான். அந்த ஃபைலின் கீழ்ப்பகுதியில் கண்ணில் பட்ட வரி அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. மணி, அரைமணி நேரம் கழித்து. கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றுதான் அவர்கள் கேட்டது. அண்ணன் எதையும் கொஞ்சமாகச் செய்கிறவரில்லை.

“அடிச்சுடுவாங்களா தம்பி?” அண்ணி கேட்டாள். குரல் எப்போதும்போல இல்லை.

“இல்ல அண்ணி. டைம் இருக்கு.”

அவள் சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவினாள். அது தரையில் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அண்ணனின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

சித்தப்பா அவள் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப் போனார். தம்பி அவர் முழங்கையைப் பிடித்தான்.

“சித்தப்பா. கொஞ்சம் வெளிய இருங்க.”

ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். உலைக்காரரும் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டு, பீடி பிடிக்கிற சாக்கில் வெளியே போனார். தம்பி கடைசியாக வந்து கதவைச் சாத்தினான்.

வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்தான். மடியில் லேப்டாப் இன்னும் சூடாக இருந்தது. மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டான்.